தறிக் குழியும் வெள்ளரிக் கொடியும்

பங்குனி பிறந்து விட்டால் நம் பக்கத்துப் பேருந்து நிலையங்களில் முதலில் காதில் விழுவது வெள்ளரிப் பிஞ்சு விற்போரின் குரலேயாகும். மூங்கில் தட்டில் அடுக்கி, நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி, வண்டியின் சன்னல் வழியே நீட்டப்படும் பிஞ்சை வாங்கிக் கடித்தபடி பிரயாணம் செய்யாதவர் நம்மில் மிகச் சிலரே. சங்கங்களைப் பார்வையிடும் பொருட்டு ஊர் ஊராய்ச் சுற்றும் தொழில் நம்முடையது. கணக்குப் புத்தகங்களைப் புரட்டி முடிப்பதற்குள் பகலுணவு நேரம் தப்பிப் போன நாட்கள் பல. அந்நாட்களில் எல்லாம் நமக்குக் கை கொடுத்தது இப்பிஞ்சுதான். ஆகவே வெள்ளரியின்பால் நமக்குச் சிறிது பட்சபாதம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக் கொண்டு விடுகிறோம்.

பட்சபாதம் இருப்பினும் பொய் சொல்லலாகாது. வெள்ளரியை உண்டால் இந்நோய் தீரும், அந்நோய் தீரும் என்று பலர் பலவாறு சொல்லக் கேட்கிறோம். உள்ளபடி சொன்னால், 100 கிராம் வெள்ளரியில் சுமார் 95 கிராம் வெறும் தண்ணீர். அதனால் உடலுக்குக் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 15 கலோரியே. அதன் தோலில் நார்ப் பொருளும் வைட்டமின் கே-யும் சிறிது உண்டு. ஆதலால் இளம் பிஞ்சை நன்கு கழுவித் தோலோடு உண்பதே சரி. பசிக்கு அது உணவாகாது. தாகத்துக்கு நல்ல துணை. கால் கிலோ வெள்ளரியை உண்பவர் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரை மென்று உண்டவர் ஆகிறார். வியர்வையில் உப்பும் வெளியேறுகிறதன்றோ? உப்புத் தொட்டு உண்ணும் நம்மவர் வழக்கத்தில் அதனால் ஒரு நியாயம் உண்டு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் அந்த உப்பை விட்டு விட வேண்டும். வெள்ளரி தின்றோம் என்பதற்காகப் பானைத் தண்ணீரைக் குடியாமல் இருப்பதும் பிசகு.

வெள்ளரி வேற்று நாட்டிலிருந்து வந்த பண்டமன்று. இமயமலை அடிவாரக் காடுகளில் இன்றும் அதன் காட்டு மூதாதை, கைப்பு மிகுந்த சிறு காய்களோடு படர்ந்து கிடக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துப் பயிராக்கிக் கைப்பைக் குறைத்தவர்கள் இந்நாட்டு உழவர்களே. ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியஸ் வெள்ளரியின்றி ஒரு நாளும் உண்ணமாட்டார் என்று ஒரு கதையைப் புத்தகங்களில் காணலாம். அவர் உண்டது முலாம்பழ இனத்தைச் சேர்ந்த வேறொரு நீண்ட காய் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். சக்கரவர்த்தியை அவரிடத்திலேயே விட்டு விட்டு, நாம் ஆரணிப் பக்கம் போவோம்.

அவ்வட்டாரத்தில் நாம் பார்வையிட்டு வந்த சங்கங்களுள் ஒன்று பட்டு நெசவாளர் சங்கம். மற்றொன்று அதற்கு 4 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். ஊர்ப் பெயர்கள் இங்கே வேண்டாம். படிக்கும் அங்கத்தினர்கள் தாமே கண்டு கொள்வார்கள்.

தறியில் அமராதவர்களுக்குக் கோடையில் நெசவாளர் படும் பாடு தெரியாது. குழித் தறியில் கால்கள் மண்ணுக்குள் இருக்கும். மண்ணின் ஈரமும் குளுமையும் காலுக்கும் பாவுக்கும் ஒருங்கே வேண்டியவை. சித்திரையின் வறண்ட காற்று வீட்டினுள் புகுந்தால் இழை உலர்ந்து அறுபடும். அறுந்த இழையைப் பிணைப்பதிலேயே பொழுது போய் விடும். ஆகவே சன்னலை முழுதும் திறக்க மாட்டார்கள். மின்விசிறி இருந்தாலும் பாவின்மீது நேரே சுழல விட மாட்டார்கள். புழுக்கத்தில் வியர்வை ஒழுக ஒழுக நாடாவைத் தள்ளிக் கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எதையாவது உண்ணலாம் என்றால் எதை உண்பது? மாம்பழம் உண்டால் கை பிசுபிசுக்கும். வடை போண்டா என்றால் எண்ணெய். பட்டில் ஒரு விரல் கறை பட்டால் சேலை இரண்டாந்தரமாகி, கூலியில் கழிவு விழும். தறியை விட்டு இறங்கிக் கை கழுவித் துடைத்து உண்டு, மீண்டும் கழுவி ஏற வேண்டும். உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவாத வெள்ளரிப் பிஞ்சு ஒன்றுதான் இந்தத் தொல்லை இல்லாதது. ஈரத்தைத் துண்டில் துடைத்தால் போதும்; கறை இல்லை, பிசுக்கு இல்லை. இதை நமக்குச் சொன்னவர் அச்சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர். "தறிக்காரனுக்கென்றே கடவுள் படைத்த காய் ஐயா இது. ஆனால் எங்கள் தெருவுக்கு நல்லதாய் எங்கே வருகிறது? கடையில் வாங்கினால் தோல் சுருங்கி, உள்ளே விதை முற்றிக் கிடக்கிறது" என்றார்.

அதே வாரத்தில், மாலை வேளையில், நாம் மற்றச் சங்கத்தின் ஊரில் இருந்தோம். பயிர்க் கடன் தவணை பற்றிப் பேசுவதற்காக ஓர் அம்மையாரின் வீட்டுக்குப் போயிருந்தோம். நெல் அறுவடையானதும் தை மாதத்தில், கிணற்றுப் பாசனத்தில், கொஞ்சம் நிலத்தில் வெள்ளரி போட்டிருந்தார். விதைத்து ஆறு ஏழு வாரத்தில் காய்க்கத் தொடங்கும் பயிர் ஆதலால், தவணைக்கு ரொக்கம் பண்ண ஏற்றது என்பது அவர் கணக்கு. நாம் போன சமயம் இரண்டு கூடைக் காய்களை மாட்டின் முன்னே கொட்டிக் கொண்டிருந்தார். கேட்டதற்கு, "டவுன் மண்டிக்குக் கொண்டு போன வண்டிச் சத்தம்கூடத் தேறவில்லை ஐயா. முற்றல் என்று தள்ளி விட்டார்கள். மாடாவது தின்னட்டும்" என்றார். தவணையைப் பற்றிப் பேச நமக்கு அதன் பின் வாய் எழவில்லை.

விசாரித்ததில் விஷயம் விளங்கியது. அவ்வூரிலிருந்து மண்டிக்கு வாரம் இரண்டு முறைதான் வண்டி போகும். ஆகவே அந்த இரு நாட்களுக்கு முன்மாலையில் மட்டுமே காய் பறிப்பார்கள். வெள்ளரியோ வண்டிக்காகக் காத்திருப்பதில்லை. சித்திரை வெயிலில், தண்ணீர் கிடைத்தால், நேற்று விரல் பருமனில் இருந்தது இரண்டொரு நாளில் மணிக்கட்டுப் பருமனாகி விடும். எடை கூடுகிறதே என்று உழவர் மகிழ்வதும் உண்டு. ஆனால் காய் முற்றினால் விலை இறங்கும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கொடியில் சில காய்களை முற்ற விட்டால், கொடி தன் வலிமையை எல்லாம் அவற்றின் விதைக்கு அனுப்பி விடும். புதிய பிஞ்சுகள் பிடிப்பது குறையும். தன் வம்சத்துக்கு விதை உண்டாகி விட்டது என்று கொடி ஓய்ந்து விடுகிறது என்க. ஒன்று விட்டு ஒரு நாள் பறித்துக் கொண்டே இருந்தால், அது ஏமாந்து மேலும் மேலும் காய்க்கும்.

இன்னொன்றும் தெரிய வந்தது. அதைக் கேட்டு நாம் சிரித்தும் விட்டோம். நெசவாளர் தெருக் கடைக்கு வரும் வெள்ளரி எங்கிருந்து வருகிறது? அதே டவுன் மண்டியிலிருந்துதான். 4 கிலோமீட்டரில் விளைந்த காய், வண்டியேறி மண்டிக்குப் போய், ஏலத்தில் கை மாறி, ஓர் இரவு கிடந்து, மறுபடி வண்டியேறி அதே பாதையில் திரும்பி வருகிறது. வழியில் அதனுடைய நீரும், அம்மையாரின் காசும், நெசவாளரின் காசும் கரைகின்றன. உழவர் நேரே விற்கட்டும் என்று 1999-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டு, பின் பல நகரங்களுக்கும் அது பரவியது உண்மை. ஆயினும் கூடை வெள்ளரிக்காகப் பேருந்தேறி நகரத்துச் சந்தைக்குப் போய் வருவது எல்லாருக்கும் கட்டி வருவதில்லை.

இரு சங்கக் காரியதரிசிகளையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார வைத்தோம். காலை 6 மணிக்கு, ஒன்று விட்டு ஒரு நாள், நெசவாளர் சங்கத் திண்ணையில் உழவர் அங்கத்தினர்கள் தம் காய்களைக் கொண்டு வந்து விற்பது என்று பேச்சு முடிந்தது. "ரொக்கமாக எல்லாரிடமும் இருக்காது, கூலியில் பிடித்துக் கொடுத்து விடலாமே" என்றார் நெசவாளர் சங்கக் காரியதரிசி. நல்ல மனத்தோடு சொன்னதுதான். அங்கேதான் நாம் குறுக்கிட வேண்டியதாயிற்று. அங்கத்தினரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி அவர் கூலியில் கை வைப்பது தவறு. சம்மதம் வாங்கினாலோ காய்க்கென ஒரு பேரேடு, பற்று, வரவு, நிலுவை என்று வளரும். வருஷ முடிவில் அந்த நிலுவையைப் பற்றித் தணிக்கைக் குறிப்பு எழுத வேண்டியவர்களும் நாமே. எனவே திண்ணையும் முத்திரையிட்ட தராசும் மட்டும் சங்கத்துடையவை. கொடுக்கல் வாங்கல் அவரவர் கையோடு கையாக என்று தீர்மானமாயிற்று. மூன்று பேர் சேர்ந்து ஒரு கிலோ வாங்கிப் பங்கிட்டுக் கொண்டால் ரொக்கம் ஒரு பாரமாக இல்லை என்பதைத் தெருப் பெண்களே கண்டுபிடித்து விட்டார்கள்.

முதல் பத்து நாட்கள் நன்றாக நடந்தது. விடியலில் பறித்த காய், இரவின் குளுமை உள்ளிருக்கையிலேயே வந்து சேர்ந்தது. ஒடித்தால் 'டக்'கென்று ஓசை எழும்பும் பிஞ்சுகள். பகலில் பறித்த காய்க்கும் விடியலில் பறித்த காய்க்கும் உள்ள வித்தியாசத்தை நாவினால் அறிந்த பின், நாமே இப்போதெல்லாம் பேருந்து நிலையத்தில் மாலையில் வாங்குவதில்லை. ஈரத் துணி சுற்றி, தண்ணீர்ப் பானை வைத்த ஈர மணலில் சாத்தி வைத்தால் மாலை வரை மொறுமொறுப்பு மாறாது. குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் நாட்கணக்கில் அதனுள்ளே போட்டு வைக்கிறார்கள். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் வெள்ளரியின் தோலில் குழி விழுந்து, சதை நீர்த்துப் போகும். குளிர்ச்சிக்குப் பெயர் பெற்ற காய்க்குக் குளிரே ஆகாது என்பது வேடிக்கைதான்.

பதினோராம் நாள் சண்டை வந்தது. காய் கசந்தது!

வந்த காயில் பாதிக்கு மேல் நாவில் வைக்க முடியவில்லை என்று நெசவாளர்கள் கூடையோடு திருப்பி அனுப்பினார்கள். விற்றவர்களோ, அதே கொடி, அதே விதை, எங்கள்மீது ஏன் பழி என்றார்கள். காம்புப் பக்கத்தை அரிந்து, அரிந்த துண்டால் வட்டமாய்த் தேய்த்து நுரை எடுக்காமல் தின்றதுதான் குற்றம் என்று ஒருவர் சொன்னார். வேலியில் பாகற்கொடி இருக்கிறது, அதன் மகரந்தம் பட்டுத்தான் கசந்தது என்று வேறொரு பெரியவர் தீர்ப்பே சொல்லி விட்டார். அந்தப் பாகற்கொடி பாவம், மறுநாள் வெட்டுண்டது.

வெட்டியது அநியாயம். பாகலும் வெள்ளரியும் கலந்து கருப்பிடிக்கும் உறவுடையவை அல்ல. வேறு வெள்ளரியின் மகரந்தமே பட்டாலும், அதன் குணம் அந்த விதையிலிருந்து முளைக்கும் அடுத்த தலைமுறையில்தான் தெரியுமே அன்றி, இந்தக் காயின் சதையில் தெரியாது. கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்னும் பொருள். காட்டு மூதாதையிடமிருந்து வந்த சீதனம் அது. பூச்சிகளும் விலங்குகளும் தின்னாமலிருக்கக் கொடி தன் இலையில் அதை வைத்துக் கொள்கிறது. கடும் வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் வந்து கொடி வாடினால் அது காய்க்கும் பரவும். அவ்வூரில் நடந்தது அதுவே. கிணற்று மோட்டார் பழுதாகி ஐந்து நாள் பாய்ச்சல் இல்லை. பின்னர் ஒரே நாளில் வெள்ளமாய்ப் பாய்ச்சியிருக்கிறார்கள். காய்ந்தும் பெய்தும் கெடுக்கும் மழையைப் பற்றி நாம் குறை சொல்லுவோம். அதையே நாமும் வாய்க்காலில் செய்து விடுகிறோம்.

நுரை எடுக்கும் வழக்கம் முற்றிலும் வீண் அன்று. ஆனால் பலன் தேய்ப்பதில் இல்லை, அரிவதில் இருக்கிறது. கைப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் தங்குகிறது. அங்கே ஒன்றிரண்டு விரற்கடை அரிந்தெறிந்து, தோலையும் சற்றுத் தடிப்பாகச் சீவினால் இலேசான கசப்பு நீங்கும். உள்ளேயும் கடுமையாகக் கசந்தால், காசு போயிற்றே என்று மென்று விழுங்கலாகாது. தூர எறிவதே நன்று. இதே இனத்துச் சுரைக்காயின் கசப்புச் சாற்றைக் குடித்து 2010-இல் டெல்லியில் ஒருவர் இறந்ததையடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கசக்கும் சாற்றைக் குடிக்கலாகாது என்று எச்சரித்தது.

மோட்டார் சரியாயிற்று. ஒரே தடவையில் வெள்ளமாய் விடாமல் சிறுகச் சிறுக அடிக்கடி பாய்ச்சினார்கள். கொடியடியில் வைக்கோல் பரப்பி மண் சூட்டைத் தணித்தார்கள். புதிதாய்ப் பிடித்த பிஞ்சுகளில் கசப்புக் குறைந்தது. நல்ல தண்ணீர் கிடைத்தும் கசந்த சில கொடிகள் இருந்தன. அவை பிறவியிலேயே கசப்புக் கொடிகள். அவற்றைப் பிடுங்கச் செய்தோம். நெசவாளர்களை மறுபடி திண்ணைக்கு வரச் செய்வது இதைவிடக் கடினமாக இருந்தது. அம்மையார் தாமே ஒவ்வொரு கூடையிலும் இரண்டு மூன்று காயை எல்லார் எதிரிலும் ஒடித்துத் தின்று காட்டினார். நாம் எழுதும் பார்வைக் குறிப்புகள் எவையும் சாதிக்காததை அது சாதித்தது.

தோட்டத்தில் நாம் கண்ட மற்றொரு பிழையையும் இங்கேயே சொல்லி விடலாம். வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் ஆண் பூக்களே பூத்து உதிரும். அதைக் கண்டு பூ கொட்டுகிறதே என்று மருந்தடிக்கிறார்கள். அதுவும் காலையில், பூக்கள் விரிந்து தேனீக்கள் வரும் வேளையில்! தேனீ போனால் பிஞ்சு பிடிக்காது. பிடித்தாலும் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகும். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இவ்வினக் கொடிகளைக் கருக்கி விடும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் எச்சரிக்கிறார்கள். பழ ஈ குத்திய காய்களைப் பொறுக்கி ஆழமாய்ப் புதைப்பதே பாதி வைத்தியம்.

இனி அடுக்களைக்கு வருவோம். பிஞ்சாய்த் தின்பதற்கு அப்பாற்பட்ட பருவம் வந்த காய்களும் கூடையில் இருக்கத்தானே செய்யும்? அவற்றைச் சற்று மலிவாகக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. விதையை வழித்து விட்டு மோர்க் குழம்பில் போடலாம். பாசிப் பருப்போடு கூட்டாக்கலாம். பச்சடிக்கு வேண்டிய இரகசியம் ஒன்றே: உப்பை முன்னதாகப் போடாதீர்கள். உப்புப் பட்டவுடன் வெள்ளரி தன் நீரை எல்லாம் விட்டு விடும்; தயிர் தண்ணீராகும். காயைத் துருவித் தயிரில் சேர்த்து, கடுகும் பச்சை மிளகாயும் இஞ்சியும் தாளித்துக் கொட்டி, இலையில் பரிமாறும் போது உப்பிடுங்கள். ஸ்ரீராம நவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் கொடுக்கிறோமே, ஊறிய பாசிப் பருப்பில் வெள்ளரியும் மாங்காயும் அரிந்து போட்ட வடைப்பருப்பு, அதைப் பண்டிகைக்கு மட்டும் ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்? அடுப்பு மூட்டாமல் செய்யும் உணவு. பருப்பின் புரதமும் காயின் நீரும் சேர்ந்தது. ஒரு தறி வீட்டில் பகல் 11 மணிக்கு அதை நமக்குக் கொடுத்தார்கள். அன்று கணக்குப் பார்க்கும் வேகம் கூடியதாகக் காரியதரிசி பிற்பாடு சொன்னார்.

விற்கும் இடத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சையாய்த் தின்னும் காய் இது. ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுதும் முக்கி முக்கி எடுத்த காயைத் தின்று வயிற்றுப் போக்கோடு வீடு திரும்பிய அனுபவம் நமக்கே உண்டு. முழுக் காயாக வாங்கி, நல்ல தண்ணீரில் கழுவி, உண்ணும் போது அரிவதே உத்தமம்.

சித்திரைக் கடைசியில் திண்ணைக்கு வெள்ளரிப்பழமும் வரத் தொடங்கியது. பெயர் வெள்ளரியேயாயினும் தாவர நூலார் அதை முலாம்பழ இனத்தில் சேர்க்கிறார்கள். பழுத்ததும் தானே வெடித்து, மாவு போன்ற சதையைக் காட்டும். வெல்லம் சேர்த்துத் தின்றால் அதற்கு ஈடு அதுவே. வெடித்த பழம் பத்துக் கல் தூரம் வண்டியில் போகாது. மண்டி வியாபாரிகள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நான்கு கிலோமீட்டரில் வாங்குவோர் இருப்பது தெரிந்தவுடன், ஒதுங்கி நின்ற இரண்டு வயோதிக உழவர்கள் தம் வரப்போரத்துப் பழங்களைத் துணியில் சுற்றிக் கூடையில் சுமந்து வந்தார்கள்.

அம்மையாரின் தவணை வைகாசியில் கட்டப்பட்டது; முழுத் தொகை அன்று, முக்கால் பங்கு. மீதிக்கு நெல் வர வேண்டும் என்றார். கசப்பில்லாத நான்கு கொடிகளைக் கயிறு கட்டி அடையாளம் செய்து, அவற்றின் காய்களை மட்டும் மஞ்சள் நிறம் வரும் வரை பழுக்க விட்டிருந்தார். நாட்டு விதையாதலால் சொந்தமாக எடுத்து வைக்கலாம். கடையில் வாங்கிய ஒட்டு விதையாக இருந்தால் இது பலிக்காது. வழித்த விதையை அதன் கூழோடு ஒரு நாள் புளிக்க விட்டு, அலசி, மிதப்பவற்றைத் தள்ளி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பானையில் கட்டி வைத்திருக்கிறார். நெசவாளர் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, புழக்கடையில் போட ஆளுக்கு ஒரு பிடி கேட்டார்களாம். தைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.